பனியன் மேல் கவச வண்டி

2008 ஜூலை 14, திங்கள்

காலையில் இருந்தே எங்கள் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் கரண்ட் இல்லை. பாதி ஓட்டிய கலர் ஸ்கிரீனிலேயே காய்ந்துவிட்டது. பிரிண்ட் அடிக்கிற பாண்டித்துரையும் நானும் ஸ்கிரீன்களைக் கழுவிக் கழுவியே மதியம் ஆக்கினோம்.

அதற்குப் பிறகு முதலாளி கந்தவேல் கூப்பிட்டார். ஐரோப்பாவிலிருந்து துணி வாங்குகிற ஒரு பையர், பெரிய பையன்களுக்கான டி-ஷர்ட் ஆர்டர் கொடுத்திருக்கிறாராம். முன்பக்கம் ஒரு ராணுவ வண்டி. முதுகில் அது என்னென்ன செய்யும் என்று சின்ன எழுத்தில் வாசகம். போட்டோ ஒன்றும் ஒரு பக்க இங்கிலீஷும் கொடுத்தார்கள். நான் டாங்கி என்று நினைத்தேன். டாங்கிக்குச் சங்கிலிப் பட்டை இருக்கும், இதற்கு டயர். ஒரு பக்கம் நாலு, மொத்தம் எட்டு. லாரிக்கும் டாங்கிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கிறது.

கரடிக்குட்டியும் பட்டாம்பூச்சியும் வரைந்து கை மரத்துப் போயிருந்தது. சாத்தான்குளத்தில் வேதக்கோயில் அசன விருந்துக்கு பேனர் எழுதிக்கொண்டிருந்தவனை இந்த பனியன் ஊர் டிசைனர் ஆக்கியது. ஆனால் வரைய ஆசையாக ஒரு படம் கையில் வந்து எவ்வளவு நாளாயிற்று.

ஜூலை 17, வியாழன்

வேலை முடிந்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்த மாதிரி வண்டிகளைத் தேடிப் பார்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

இது காலாட்படையைப் போர்க்களத்துக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கி, கூடவே நின்று சண்டையும் போடுகிற வண்டி. ஓட்ட, சுட, கட்டளையிட மூன்று பேர். பின்னால் எட்டு சிப்பாய்கள். பின்கதவு சாய்தளமாக இறங்கும், அதன் வழியாக ஓடி இறங்குவார்கள். தார் ரோட்டில் மணிக்கு நூறு கிலோமீட்டர் போகும். டாங்கியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், இது தன் காலாலேயே தூரத்துக்குப் போய்ச் சேரும். டயரில் குண்டு பாய்ந்து காற்று போனாலும் உள்ளே இருக்கிற கெட்டியான வளையம் தாங்கிக்கொள்ளும், நிற்காது. அடியில் கண்ணிவெடி வெடித்தால் அந்த அடி உள்ளே இருப்பவன் காலுக்கு ஏறாதபடி இருக்கைகளைத் தரையில் பதிக்காமல் தொங்கவிட்டிருக்கிறார்கள். எவன் மூளையோ!

மேலே முப்பது மில்லிமீட்டர் பீரங்கி. மேடு பள்ளத்தில் ஓடிக்கொண்டே சுட்டாலும் குறி ஆடாதாம். சுடுகிறவன் தலையை வெளியே நீட்டவே வேண்டாம், திரையைப் பார்த்துச் சுடலாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இதற்குத்தான்: அந்தத் திரை சூட்டைப் பார்க்கும். கும்மிருட்டில், புகையில், புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் மனிதனுடைய உடம்புச் சூடு வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து மனைவி எப்சிபாவிடம் சொன்னேன். சோறு ஆறிப் போச்சு என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சாம்பிள் ஓகே ஆகிவிட்டது. ஒரு திருத்தம்கூட இல்லை. டயருக்கு மட்டும் உப்புகிற கலர் போட்டிருந்தேன், தொட்டால் விரலில் ரப்பர் மாதிரித் தட்டும். பையர் அதைத் தடவித் தடவிப் பார்த்தாராம். பக்கத்து யூனிட்காரர்கள் பார்க்க வந்தார்கள். கந்தவேல் தோளில் தட்டி, “கை சுத்தமுங்க உங்களுக்கு” என்றார்.

மிஞ்சிய சாம்பிளில் சின்னது ஒன்றை மகள் ஷைனிக்கு எடுத்து வந்தேன். நாலு வயசுக்குத் தொளதொள என்றிருந்தது. கழற்ற மாட்டேன் என்று அதோடேயே தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுதவே கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

சாப்பாட்டு நேரம். செக்கிங் டேபிளில் பெண்கள் பீஸ்களைப் பிரித்துப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன வண்டி என்று கோமளா கேட்டாள், அவள்தான் செக்கிங் சூப்பர்வைசர். கேட்டதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன். சாம்பிள் பிரிண்டைக் காயவைக்கிற ஹீட் கன் பக்கத்தில் இருந்தது. அதைக் கையில் எடுத்து, இதுதான் பீரங்கி, நீங்க டேபிளுக்கு அடியில ஒளிஞ்சாலும் உங்க சூடு எனக்குத் தெரியும் என்று ஒவ்வொருத்தியாகக் குறி பார்த்தேன். வாயாலேயே டப டப என்று சத்தம். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க எனக்கு ஏறிவிட்டது.

டேபிளின் கடைசியில் யோகராணி நின்றாள். இலங்கையில் இருந்து வந்து ஊருக்கு வெளியே அகதி முகாமில் இருக்கிற பெண். அவள் பக்கம் ஹீட் கன்னைத் திருப்பி, “என்ன யோகராணி, உங்க ஊர்ல இதெல்லாம் டவுன் பஸ் மாதிரி ஓடும்லா?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள்.

அதுதான். அழுதிருந்தாலோ திட்டியிருந்தாலோ பரவாயில்லை. எல்லாரும் சிரிக்கிறார்களே, தானும் சிரிக்க வேண்டும் போல என்று ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே கையில் இருந்த பீஸைக் கீழே வைத்தாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். திரும்பி வரவில்லை. பையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள் என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

ஏன் அப்படிக் கேட்டேன்? யாருக்கு என்ன காட்ட?

ஆகஸ்ட் 13, புதன்

யோகராணி வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

இன்றும் வரவில்லை. கோமளா என்னோடு பேசுவதில்லை. கலர் டப்பாவைக் கேட்டால்கூட நகர்த்தி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளும் அன்றைக்குச் சிரித்தவள்தானே என்று ஒரு கோபம் வந்தது. வந்த உடனே அதற்கும் கூசியது.

கந்தவேலுக்கு நடந்தது தெரியாது. பிரிண்டில் ஊசிமுனை அளவு பிசகு இருந்தாலும் பிடித்துவிடுகிற கண் யோகராணிக்குத்தான் என்கிறார். நாளைக்கு லீவுதானே, ஒரு எட்டுப் போய்க் கூட்டிக்கொண்டு வாங்க என்று என்னிடமே சொன்னார். என்னிடமே!

எப்சிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி மாவைக் கலக்கிக்கொண்டே கேட்டவள், கரண்டியை நிறுத்தினாள். “அந்தப் பிள்ளைட்ட அப்படியா கேட்டிய?” என்றாள். பிறகு மாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயிலுக்குப் போகாமல் முகாமுக்குப் போனேன். வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள், தகரக் கூரை. யோகராணியின் புருஷன் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறதாம். வாசலில் ஸ்டூல் எடுத்துப் போட்டு, வெறும் தேத்தண்ணி கொடுத்தாள். நான் யாரோ பெரிய மனிதன் மாதிரி நின்றுகொண்டே பேசினாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது, “ஷிப்மென்ட் நெருங்கிட்டு, முதலாளி கேட்கச் சொன்னாரு.” அதோடு விட்டேனா? அது வெறும் கலர்தானே, படம்தானே, உள்ளபடிக்கு அது ஆளைக் காப்பாத்துகிற வண்டி, கண்ணிவெடி வெடித்தாலும் உள்ளே இருக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கம் வேறு.

அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“எங்கட றோட்டு முனையில ஒண்டு நிண்டது அண்ணை. அது ஒரு வெடியும் வைக்கேல்லை. சும்மா நிண்டது. மேல இருக்கிற குழல் மட்டும் இஞ்சால அங்கால திரும்பும். அப்பாவுக்கு மூச்சு இழுப்பு. மருந்துக்கடை அதுக்கு அங்கால. அது போகுமட்டும் ஒருத்தரும் படலைக் கதவைத் திறக்கேல்லை.”

அப்பா என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவள் சொன்னாள். “அது போகேக்குள்ள அப்பா இல்லை.”

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை கிலோமீட்டர் வேகம், எத்தனை மில்லிமீட்டர் குழல், எல்லாம் மனப்பாடம். சும்மா நின்றே ஒரு மனிதனைக் கொன்றுவிடும் என்பது நான் அச்சடித்த வாசகத்தில் எங்கேயும் இல்லை.

அப்போதாவது மன்னிச்சிரு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதும் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது பார், ஷிப்மென்ட் தப்பித்தது என்று. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வந்தாள். கோமளா அவளை வேறு டேபிளில், வெறும் தையல் பார்க்கிற வேலையில் நிறுத்தினாள். கந்தவேல் வந்து, என்ன இது, பிரிண்ட் பார்க்கிற ஆள் அங்கே எதுக்கு என்று கேட்டார். கோமளா ஏதோ சமாளித்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யோகராணி தானாகவே எழுந்து வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கோயிலுக்குப் புறப்படும்போது ஷைனி அந்த பனியனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கழற்று என்றேன். மாட்டேன் என்றாள். இரண்டு விரலை நீட்டி என்னைச் சுட்டாள். டப டப. அது நான் சொல்லிக் கொடுத்தது. கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக உருவினேன். கழுத்தில் மாட்டி, காது சிவந்து, வீறிட்டு அழுதாள். நானே கொண்டு வந்து கொடுத்ததற்கு நானே பிள்ளையை அழ வைத்தேன். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

எப்சிபா பனியனை மடித்துப் பரணில் போட்டுவிட்டாள்.

நவம்பர் 21, வெள்ளி

எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. அமெரிக்காவில் பாங்க் விழுந்ததாம், இங்கே ஆர்டர் விழுகிறது. எங்கள் தெருவில் இரண்டு யூனிட் பூட்டிவிட்டார்கள். பாண்டித்துரையை வாரத்தில் பாதி நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரில் தினமும் இலங்கை வன்னிச் சண்டைச் செய்தி. யோகராணியின் அக்காவும் அக்கா மகளும் அங்கே இருக்கிறார்கள் என்று கோமளா சொன்னாள். கோமளா இப்போது என்னோடு பேசுகிறாள், வேலையைப் பற்றி மட்டும்.

2009 ஜனவரி 20, செவ்வாய்

அந்த பையர் திரும்ப வந்திருக்கிறார். முன்னைப் போல இரண்டு மடங்கு ஆர்டர். முதல் டிசைன் அங்கே நன்றாக விற்றுவிட்டதாம். எல்லாரும் கந்தவேலைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், நீங்கதானுங்க இதைக் கொண்டு வந்தது என்றார்.

புது டிசைனைப் பிரித்துப் பார்த்தேன். வண்டி இல்லை. வண்டிக்கு உள்ளே இருந்து அந்தத் திரையில் தெரிகிற காட்சி. சாம்பல் நிறத்தில் இரவு, நடுவே குறி பார்க்கிற சிலுவைக் கோடு, தூரத்தில் மனிதர்கள். வெள்ளையாக. ஓட வேண்டுமாம்.

ஆபீஸ் ரூமுக்குப் போய், இதை என்னால் வரைய முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். ஆகஸ்டில் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கந்தவேல் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க வரையலீன்னா இன்னொருத்தன் வரைவானுங்க. பையர் அங்க போயிருவாரு. அப்பறம் நம்ம ஷட்டர எறக்கோணும், அந்தப் புள்ளையும் சேர்ந்துதான் ஊட்டுக்குப் போகோணும். எனக்கு மட்டும் இது புடிச்சா வாங்குனனுங்க?”

ரெண்டு நாள் யோசித்துச் சொல்லச் சொன்னார்.

ஜனவரி 22, வியாழன்

வேலை விட்டதும் யோகராணிக்காக பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அவள் வந்ததும், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், “அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்பு. என்னை மன்னிச்சிரு” என்றேன். இத்தனை மாதம் கழித்து, இரண்டு வரி. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, “நான் அதை அண்டைக்கே விட்டிட்டன் அண்ணை. நீங்கள்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்” என்றாள். விட்டுவிட்டாளா, எனக்காகச் சொன்னாளா? தெரியவில்லை.

புது டிசைனைப் பற்றிச் சொன்னேன். வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். சரி, இவன் கொஞ்சம் நல்லவன்தான் என்று அவள் நினைப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது — மறைக்க என்ன இருக்கிறது, இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பி, “அதில ஆக்கள் இருக்கினமோ?” என்று கேட்டாள்.

“ம். ஓடுற மாதிரி.”

“பொம்பிளையளும்?”

“அப்படியெல்லாம் தெரியாது. முகம் கிடையாது. வெள்ளையா இருக்கும், அவ்வளவுதான்.”

கையில் இருந்த பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, “நீங்கள் கீறுங்கோ” என்றாள். “வீட்டில இவருக்கு இப்ப வேலை இல்லை. எனக்கும் இல்லையெண்டால் நாங்கள் என்ன செய்யிறது? உங்கட மனசுக்காக எங்கட வேலையை விடேலாது அண்ணை.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அவர்கள் பேச்சில் கீறுவது என்றால் வரைவது. எங்கள் பேச்சில் கத்தியால் கிழிப்பது. வீடு வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் காதில் இருந்தது. மாட்டேன் என்று சொன்னதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது! அவள் அதைத் தட்டிவிட்டது சரிதான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வரைந்து கொடுத்துவிட்டேன். மனிதர்களுக்குப் பதிலாக மரங்களும் வண்டிகளும் வைக்கலாமா என்று பையருக்கு மெயில் போடச் சொன்னேன். முடியாது என்று பதில். நிற்கிற மாதிரி வரைந்து அனுப்பினேன், ஓட வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஓடவிட்டேன்.

ஓடுகிற உடம்பு எனக்கு எப்போதும் நன்றாக வரும். இதுவும் நன்றாகவே வந்திருக்கிறது. அதுதான் பெரிய வெட்கம். மோசமாக வரையலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

யோகராணியின் அக்காவிடம் இருந்து ஒரு தகவலும் இல்லையாம். கந்தவேல் ஆபீஸ் போன் நம்பரை அவளுக்குக் கொடுத்திருக்கிறார், யாராவது கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று. ஆபீஸில் போன் அடிக்கும்போதெல்லாம் செக்கிங் டேபிளில் அவள் கை நிற்கிறது.

மே 19, செவ்வாய்

டீக்கடை டிவி முன்னால் கூட்டம். வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி. யோகராணி வரவில்லை. இந்தத் தடவை யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லை.

மே 24, ஞாயிறு

எப்சிபா தனியாக முகாமுக்குப் போய்விட்டு வந்தாள். நானும் வருகிறேன் என்றதற்கு, “நீங்க வேண்டாம். நீங்க வந்தா அவ எந்திரிச்சு நிப்பா, தேயிலை போடுவா” என்றாள். திரும்பி வந்து, அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் சொன்னாள். சும்மா உட்காரலாம் என்பது எனக்குத் தோன்றியிருக்காது. நான் எதையாவது பேசியிருப்பேன்.

ஜூன் 11, வியாழன்

யோகராணி மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்திருக்கிறாள். மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது. கந்தவேல் வெளியே ஓடி வந்து, “யோகராணி, கண்ணு, சீக்கிரம் வா” என்றார். அவர் ஓடி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார், அவளுக்குக் காது கேட்க வேண்டும் என்று.

அக்கா மகள் உயிரோடு இருக்கிறாள், அங்கே ஏதோ முகாமில். அக்கா இல்லை. கிளிநொச்சிக்கு அங்கால் எங்கேயோ ஓடும்போது என்று மட்டும்தான் போனில் அந்தப் பிள்ளை சொன்னாளாம். யோகராணி போனைக் கையில் பிடித்தபடி, நீ சாப்பிட்டியோ, நீ சாப்பிட்டியோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கோமளாதான் அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் டேபிளுக்கு இந்தப் பக்கம் நின்றேன். காய வைத்திருந்த பீஸ்களைப் படம் தெரியாதபடி கவிழ்த்துப் போட்டேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

ஜூன் 24, புதன்

புது ஆர்டரின் கடைசி லாட். அந்தப் போனுக்குப் பிறகு வராமல் இருந்த யோகராணி திங்கட்கிழமையில் இருந்து வருகிறாள். தனக்கு வேறு வேலை வேண்டாம், பிரிண்டே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

மதியத்துக்கு முன்னால் கையில் ஒரு பீஸோடு நேராக என் டேபிளுக்கு வந்தாள். அதை விரித்து, ஓடுகிறவர்களில் ஓரத்தில் இருக்கிற ஒரு உருவத்தின் மேல் விரலை வைத்தாள்.

“அண்ணை, இந்த ஆளுக்கு ஒரு கால் விழேல்லை.”

குனிந்து பார்த்தேன். ஆமாம், முழங்காலுக்குக் கீழே வெள்ளை இல்லை. ஸ்கிரீனில் அந்த இடம் கலர் காய்ந்து அடைத்திருந்தது. ஓட்டத்தை நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, புதுப் பீஸ் ஒன்று அடித்து எடுத்து வந்தேன். அவள் அதுவரைக்கும் அங்கேயே நின்றாள். வாங்கி, காலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இப்ப சரி” என்றாள்.

கால் இல்லாதவற்றைத் தனியாக அடுக்கிவிட்டு அவள் அடுத்த கட்டைப் பிரித்தாள். நான் அவள் கையை மட்டும்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.